பிழை விட்ட டொக்டர்

சுன்னாகத்தில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் சீற்றில் இருந்தார்கள். இளையவள் சொன்னாள்:

“அந்த டொக்டர் என்ரை மனிசனுக்குப் பிழையான குளிசை எழுதினவர். அதுக்குப் பிறகு நாங்கள் வேறை ஒருத்தரிட்டையும் போறேல்லை, அக்கா.”

“உனக்கென்ன விசரே?”

“கேளுங்கோவன். அண்டைக்கு இவர் வெங்காயத்துக்குத் தண்ணி மாறிக்கொண்டு நிண்டவர். போன் வீட்டிலை. நானும் அப்பதான் சோத்தோடை தோட்டத்துக்கு வந்தனான். பாத்தால், டொக்டர் சப்பாத்தைக் கழட்டிக் கையிலை பிடிச்சுக்கொண்டு வரம்பாலை வாறார். ‘ஐயா, குளிசையைப் போட்டிட்டியளோ?’ எண்டு தூரத்திலையே கேட்டுக்கொண்டு வாறார்.”

“போட்டிட்டாரோ?”

“இல்லை. சாப்பிட்டாப் பிறகு போடுற குளிசை. அண்டைக்கு நல்லகாலம், நான் சமைக்கப் பிந்திப்போனன்.”

“டொக்டர் என்ன சொன்னவர்?”

“‘உங்களுக்கு ஒத்துவராது எண்டு நீங்கள் சொன்ன குளிசையையே எழுதிப்போட்டன். பிழை என்ரைதான், மன்னிச்சுக்கொள்ளுங்கோ’ எண்டவர். சேற்றுக்குள்ளை நிண்டு, அக்கா. மருந்து குடுக்கிற பிள்ளையிலை பழியைப் போட்டிருக்கலாம். போடேல்லை. அவர் வராட்டி இண்டைக்கு இவர் இருக்கிறாரோ தெரியாது.”

பஸ் இணுவிலைத் தாண்டியது. மூத்தவள் மடியிலிருந்த தன் கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

“அவரிட்டை எத்தினை மணிக்கு நம்பர் குடுக்கிறவை?”