தம் முறையை ரப்பரில் சோதித்துப் பார்த்தவருக்கு

பிழை எவருடையது என்று கேளாமல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று மட்டும் தேடிய பெருந்தகையே! கணக்கில் கண்டிப்பும் கனிவில் தாராளமும் கொண்ட மூத்த கணிதரே! பிரிவு முழுமைக்கும் அக்காவாகிப் போனவரே! வணக்கம்.

பாலமோ பல்சக்கரமோ, பளு ஏறினால் எங்கே எவ்வளவு வளையும் என்று முன்கூட்டியே சொல்வது நம் தொழில். பொருளைச் சின்னஞ்சிறு கூறுகளாக்கி, கூறுகள் கூடும் புள்ளிகள் எவ்வளவு நகரும் எனக் கணினியைக் கேட்கிறோம். முதல் விடையில் பிழை மலிந்திருக்கும். அப்புள்ளிகளாலான நெருக்கமான வலையில் சில்லறைப் பிழைகளைத் தேய்த்து, அகன்ற வலைக்குப் போய்ப் பெரிய பிழைகளைத் திருத்தி, மீண்டும் திரும்புவது பல்லடுக்கு வலை முறை. சுற்றுக்குச் சுற்று பிழை குறைந்தால் விடை குவிகிறது. குறையாவிட்டால் தேநீர் ஆறுகிறது. அந்தத் தேய்ப்பை இத்தனை ஆண்டுகளாகச் செய்து வந்தது தாங்கள் எழுதிய நிரல். ஒவ்வொரு புள்ளியாகத் திருத்தும், விரைவானது, சிக்கனமானது.

எதிர் மேசைக்காரர் வேறு வழி சொன்னார். புள்ளியையும் அதன் அக்கம்பக்கத்தையும் கொத்தாகச் சேர்த்துத் திருத்த வேண்டும் என்றார். கணினியின் நினைவகத்தை விழுங்கும் முறை அது. அவருக்குக் ‘கொத்து’ என்றே பெயர் வைத்துச் சிரித்தோம். இரண்டில் ஒன்றுதான் இனி இருக்கும், தோற்றவர் வெளியூரிலுள்ள வேறு பிரிவுக்குப் போகலாம் என்று இயக்குநர் அறிவித்தார். எஃகுத் தூணில் சோதனை நடந்தது. தாங்களே வென்றீர்கள். கொத்து சத்தமில்லாமல் தம் இழுப்பறையைக் காலி செய்யத் தொடங்கினார். மகளின் பள்ளியை மாற்ற வேண்டுமே என்பதுதான் அவர் மனத்தில் ஓடியது.

அப்போது தாங்கள் அவர் மேசைக்கு வந்து, பாலத்தின் அடியில் வைக்கும் ரப்பர் தாங்கியில் இரண்டையும் ஓட்டிப் பார்க்க அழைத்தீர்கள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

“ஜெயிச்சாச்சேக்கா. நீங்களே ஏன் கெடுத்துக்கறீங்க?”

“எஃகுலதானே ஜெயிச்சேன். பாலம் கட்டறவங்க அடியில வைக்கப் போறது ரப்பர். பாலத்துக்கு யாரு ஜெயிச்சாங்கன்னு தெரியவா போகுது, தம்பி?”

ரப்பரை அமுக்கினால் அதன் பருமன் குறையாது, பக்கத்தில் பிதுங்கும். ஒற்றைப் புள்ளியைத் தனியே நகர்த்தினால் சுற்றிலும் உள்ளவை முரண்டு பிடிக்கும். பிழையைக் காட்டும் வரைபடத்தில் தங்கள் முறையின் கோடு சில சுற்றுகளிலேயே மேற்கொண்டு இறங்காமல் தரைபோல் படுத்துவிட்டது. கொத்தின் கோடு இறங்கிக்கொண்டே போனது. எவ்வளவு குவிந்தால் போதும் என்ற வரம்பைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாமே என்று இயக்குநர் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார். தாங்கள் தலையசைக்கவில்லை. அறிக்கையில், “என் முறை இப்பணிக்குப் பொருந்தாது” என்று தாங்களே எழுதிக் கையெழுத்திட்டீர்கள்.

அதோடும் நில்லாமல், ஒரே வடிவமுள்ள கொத்துகளை ஒருமுறை மட்டும் சேமித்தால் போதும் என்று கண்டு, அவர் முறையின் நினைவகப் பசியையும் அடக்கினீர்கள். தங்கள் பெயரையும் சேர்க்கட்டுமா என அவர் கேட்டபோது, “பெத்தவங்க பேரு இருக்கட்டும். நான் குளிப்பாட்டிவிட்டேன், அவ்வளவுதான்” என்றீர்கள்.

அம்மையீர்! கடவுள் மனிதரைச் சோதிப்பது தோல்வியில் மட்டுமல்ல, யாரும் கேள்வி கேட்காத வெற்றியிலும்தான் என்பது எங்கள் நம்பிக்கை. அச்சோதனையைத் தாங்கள் தேடிப் போய் எழுதினீர்கள். அறிவு பலருக்கு வாய்க்கிறது; அதைப் பிறர் பக்கம் திருப்பிவைக்கும் மனம் அவன் தரும் கொடை.

பணி ஓய்வு தங்களுக்கு நல்ல உறக்கத்தையும், நோயற்ற உடலையும், பேச்சுக்கு ஆளையும் குறைவின்றித் தரட்டும் என்று எல்லாம் வல்ல இறைவனை வேண்டுகிறோம். தங்கள் நிரலை இம்மடலுடன் சேர்த்துச் சட்டமிடவில்லை. அதைத் தாங்களே நீக்கிவிட்டீர்கள். அதற்குப் பதிலாக, இம்மடலை உரக்க வாசிக்க ஒருவரைத் தேர்ந்தோம். அவர் இன்னும் தங்கள் எதிர் மேசையில்தான் இருக்கிறார்.

அன்பும் நன்றியும் மாறாத,
கணிப்பீட்டுப் பிரிவுப் பணியாளர்கள்