மோதிர விரல்

தழும்புக்குக் களிம்பு பூச மோதிர விரல்தான் நல்லது. ஆட்காட்டி விரல் அழுத்திவிடும். மோதிர விரல் அதிகம் வேலை பழகாதது. அதனால் மெதுவாகப் போகும். தழும்பின் ஓரத்திலிருந்து நடுவுக்குச் சுழற்றிச் சுழற்றிப் பூச வேண்டும். இதை எனக்குக் காட்டித் தந்தவர் ஆஸ்பத்திரித் தாதி. மிஸ்ஸி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். இன்ஸ்பெக்டர் ஐயா, அவரிடம் என்னைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். இவ்வளவு ஒழுங்காக மருந்து பூசிய ஆளைத் தான் கண்டதில்லை என்றுதான் சொல்வார்.

நீங்கள் அவசரப்படாமல் ஆறுதலாக எழுதுங்கள். என் பெயர் இராசேஸ்வரி. விமலேஸ்வரி என் தங்கை. எனக்கு நன்றாக இளையவள். யாழ்ப்பாணத்தில் தாய் போன பிறகு, வன்னிக் காட்டில், உடையார்கட்டில் வயலும் மேட்டுக்காணியும் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத் தகப்பனார் எங்களை இங்கே கூட்டிவந்தார். காடு வெட்டி முடிவதற்குள் காய்ச்சல் அவரைக் கொண்டுபோய்விட்டது. எங்கள் காணிதான் கடைசி. பின்வேலிக்கு அப்பால் காடு. மாரியில் யானை வேலியைப் பிரித்துக்கொண்டு வந்து வாழைகளைத் தின்றுவிட்டுப் போகும். அதையும் வீட்டுக்கு வந்துபோன ஆளாகத்தான் நாங்கள் கணக்கில் எடுப்போம்.

எனக்கும் சம்பந்தங்கள் வந்தன. விமலியை யாரிடம் விடுவது என்று நான் வேண்டாம் என்றேன். பிறகு வருவதும் நின்றுபோயிற்று. அதற்காக நான் யாரையும் குறை சொல்லவில்லை.

போன வருடம் மாசியில் நெல் அவிக்கும்போது கிடாரம் சரிந்து கொதிநீர் அவள்மேல் கொட்டியது. நெல் அவிக்கிற வீடுகளில் இப்படி நடக்கிறதுதான். இடப்பக்கக் கன்னமும் கழுத்தும் வெந்துபோயின. அடுத்த கிழமை அவள் வவுனியாவில் ஒரு மாமி வீட்டில் நின்று தையல் பழகப் போக இருந்தாள். பெட்டிகூட அடுக்கியாயிற்று. அந்தப் பயணம் நின்றுபோனது.

அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த காலத்தில் நான் தனியே இருந்தேன். தனிமை என்றால் பயம் என்று நினைக்கிறார்கள். பயமில்லை ஐயா. உலையில் அரிசி போடும்போது கை தானாக இரண்டு பேருக்கு அள்ளும். மிச்சச் சோற்றைக் கோழிக்குக் கொட்டிவிட்டு, அந்தக் கோழியோடு கதைத்துக்கொண்டு நிற்பேன். ஒருநாள் என் குரலை நானே கேட்டு, யார் வந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்த விமலி வேறு ஆளாக இருந்தாள். வேலிப் படலைக்கு அப்பால் போக மாட்டாள். அலுமாரிக் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பச் சொன்னாள், திருப்பினேன். பின்நேரங்களில் குசினி வாசலில் கதிரையைப் போட்டு அவளை இருத்தி, முகத்தை வெளிச்சத்துக்குப் பிடித்துக்கொண்டு களிம்பு பூசுவேன். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். அப்போதுதான் எல்லாம் கதைப்பாள்: தாயைப் பற்றி, கனவில் கண்டதைப் பற்றி. என் வாழ்க்கையில் சந்தோசம் என்று சொன்னால் அந்தப் பின்நேரங்கள்தான். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

ஆனால் மருந்து வேலை செய்தது. தடித்துக் கிடந்த தோல் இளகியது. கறுப்பு வெளுத்துக்கொண்டு வந்தது. மிஸ்ஸி அவளுடைய கன்னத்தை வருடிப் பார்த்துவிட்டு, வைகாசிக்குப் பிறகு கொழும்புக்குப் போகலாம், அங்கே தொடையில் தோல் எடுத்துக் கழுத்தில் ஒட்டுவார்கள், மிச்சம் சேலைத் தலைப்புக்குள் மறைந்துவிடும் என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் விமலி தானே கண்ணாடியைத் திருப்பி வைத்தாள். என்னிடம் கேட்கவில்லை.

அதோடு யோகநாதன் வந்தான். நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை. வாய்க்காலில் தண்ணீர் முறை சொல்ல வருகிறவன், முறையில்லாத நாட்களிலும் சைக்கிளைப் படலையில் சாத்தத் தொடங்கினான். பிறகு ஒருநாள் உள்ளே வந்து என் முன்னால் நின்று கேட்டான்.

"நான் தழும்பைப் பாத்துக் கேக்கேல்லை அக்கா. விமலியைப் பாத்துத்தான் கேக்கிறன். கொழும்புக்கு நானே கூட்டிக்கொண்டு போறன். நீங்களும் எங்களோட வந்து இருங்கோ."

நல்ல பெடியன். அவனில் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை. ஆனால் அவன் வீட்டுக் குசினியில் நான் எங்கே இருப்பேன்? அங்கே அவனுடைய தாய் இருப்பா. விமலிக்குக் களிம்பு பூசவும் தேவையிருக்காது. எனக்கு ஒரு மூலையில் பாய் போட்டுத் தந்து மரியாதையாக நடத்துவார்கள். மரியாதையாக நடத்துவது எனக்குத் தெரியும். நாங்கள் யானையையும் அப்படித்தான் நடத்தினோம்.

கொடிவேலி எங்கள் பின்வேலியோடு முளைத்துக் கிடந்தது. அதன் வேரை அரைத்துத் தோலில் வைத்தால் கொப்பளிக்கும். முழங்கால் வலிக்குத் தகப்பனார் ஒருமுறை வைத்துப் பார்த்து, பிறகு வைக்கவேயில்லை. நான் மிகக் கொஞ்சமாகத்தான் எடுத்தேன். களிம்பில் நன்றாகக் குழைத்தேன். கொழும்புப் பயணம் பிந்த வேண்டும் என்பதற்கு மேல் எனக்கு வேறு எண்ணமில்லை. வழக்கம்போலவே மோதிர விரலால் பூசினேன். விரல் எரிந்தது, அவளுக்கு மட்டும் எரிய நான் விடவில்லை.

"அக்கா, எரியுது" என்றாள்.

"எரிஞ்சாத்தான் பிள்ளை மருந்து வேலை செய்யுது. கண்ணை மூடிக்கொண்டிரு."

மூடிக்கொண்டாள். அவள் என்னை அப்படி நம்பினாள்.

அடுத்தடுத்த நாட்களும் பூசினேன். கன்னம் சிவந்து கொப்பளங்கள் எழும்பின. மிஸ்ஸியிடம் போகலாம் என்று விமலி கேட்டாள். மிஸ்ஸிக்குக் கூர்மையான கண். அதனால் அவளுடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்து, அம்மாள் வந்திருக்கிறா, இது அம்மைதான் என்றேன். காய்ச்சலும் இருந்தபடியால் அவளும் நம்பினாள். வேப்பிலைக் கொத்தை ஒடித்துப் படலையில் கட்டினேன்.

அம்மாள் வருத்தம் கிடக்கிற வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதில்லை. வெளியாட்கள் உள்ளே வருவதில்லை. அடுப்பில் பொரிப்பதோ தாளிப்பதோ கிடையாது. மனம் சுத்தமாக இருக்க வேண்டும். என் மனம் சுத்தமாகத்தான் இருந்தது. யோகநாதன் வேப்பிலையைக் கண்டதும் வாய்க்கால் கரையில் சைக்கிளோடு நின்றான். கொஞ்ச நேரம் வீட்டைப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். அடுத்த காணி இலட்சுமியக்கா இளநீர் கொண்டுவந்து படலைக்கு வெளியே வைத்துவிட்டுக் குரல் கொடுத்துவிட்டுப் போவா. மற்றபடி நாங்கள் இருவர்தான். ஈரத்துணியால் அவளை ஒற்றிவிடுவேன், கஞ்சி பருக்குவேன். சின்னதில் செய்ததுபோல என் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள்.

வைகாசிப் பொங்கலுக்கு ஊரே வண்டில் கட்டி வற்றாப்பளை அம்மாள் கோயிலுக்குப் போனது. கொப்பளங்கள் அதற்குள் உடைந்து கண் வரைக்கும் வீங்கிவிட்டது. அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. ஒரு வாய் சோறு உள்ளே போனால் தெளிவாள் என்று நினைத்தேன். அவளுக்கு மோர்மிளகாய்ப் பொரியல் என்றால் உயிர். சட்டியை வைத்து எண்ணெய் ஊற்றினேன். வழக்கத்தை மறந்துவிட்டேன் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு மறக்கவில்லை, அம்மாள் அந்த வீட்டில் இல்லை என்பது எனக்குத் தெரிந்திருந்ததே, அதுதான் நடந்த பிழை.

மணம் எழும்பியதும் பாயில் கிடந்தவள் மற்றக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"அப்ப இது அம்மாள் இல்லையோ அக்கா?"

மிளகாய் கருகப் பார்த்தது. நான் கிளறிக்கொண்டு நின்றேன். அவள் மெதுவாகச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு கதைக்கவில்லை.

இலட்சுமியக்காவின் மூக்கு வேலி பார்க்காது. விமலிக்கென்று நேர்ந்து வற்றாப்பளையிலிருந்து திருநீறு கொண்டுவந்தவ, அந்த நேரம் பார்த்துப் படலையில் நின்றா.

"இராசேஸ்வரி, அம்மாள் கிடக்கிற வீட்டில ஆர் மிளகாய் பொரிக்கிறது?"

அவ வேப்பிலையைத் தள்ளிவிட்டு உள்ளே வந்தா. விமலியின் முகத்தைத் திருப்பிப் பார்த்தா.

"ஒரு கன்னத்தில மட்டும் அம்மாள் இறங்கமாட்டா. இது ஆரின்ரையோ கை."

பிறகு என் கையைப் பிடித்துப் பார்த்தா. மோதிர விரலின் நுனித்தோல் உரிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக வண்டிலைப் பூட்டச் சொன்னா.

கன்னத்துச் சதை கெட்டுவிட்டது, இடது கண் இனிப் பார்க்காது என்று டொக்டர் சொன்னதாக நீங்கள் சொன்னீர்கள். கேட்டதும் எனக்கு அழுகை வந்தது. கண் என் எண்ணத்தில் இருக்கவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் எழுதிக்கொள்ளுங்கள்; வேலையை அரைகுறையாக விட்டு எனக்குப் பழக்கமில்லை. அந்த மாசியில் கிடாரம் தானாகச் சரியவில்லை. முட்டுக்கொடுத்திருந்த கல்லை நான்தான் இழுத்தேன். இழுத்துவிட்டு, மூடியைத் தூக்கிப் பார் பிள்ளை என்று அவளைக் கூப்பிட்டேன். காலில் கொஞ்சம் படும், பயணம் நிற்கும் என்று நினைத்தேன். அவள் குனிவாள் என்று நினைக்கவில்லை. எதற்காகச் செய்தாய் என்று கேட்கிறீர்கள். அடுக்கி வைத்த பெட்டியை நீங்கள் பார்த்திருந்தால் கேட்கமாட்டீர்கள். அதில் அவள் என்னுடைய சீப்பைக்கூட எடுத்து வைத்திருந்தாள்.

அவளில் எனக்கு வெறுப்பு என்று மட்டும் எழுதிவிடாதேங்கோ. கட்டிலை வாசல் பார்க்கத் திருப்பிப் போடச் சொல்லி அவள் மிஸ்ஸியிடம் கேட்டாளாம். நித்திரை கொள்ளாமல் அந்த ஒற்றைக் கண்ணால் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாளாம். யாராவது ஒரு பொம்பிளை உள்ளே வந்தால் திடுக்கிட்டு எழும்பி உட்காருகிறாளாம். நீங்கள்தானே ஐயா சொன்னீர்கள். பிறகு ஏன் என்னை அங்கே விடமாட்டேன் என்கிறீர்கள்? பாவம், பிள்ளை என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.