தங்கச்சி வளர்த்த பாசி

சென்ற ஐப்பசியில் ஒண்டிக்கடையிலிருந்து மஞ்சக்குட்டைக்குப் போகும் ஜீப்பில், எனக்கு எதிரே காப்பித் தோட்டக்காரர் ஒருவர் கடல்பாசி உரக் கேனை மடியில் வைத்தபடி அதன் பெருமையைச் சொல்லிவந்தார். அவர் பக்கத்தில் இருந்த மளிகைக்கடைக்காரர் நெடுநேரம் கேட்டிருந்துவிட்டுச் சொன்னார்:

“அந்தப் பாசிதானுங்கண்ணா எங்க மச்சானோட மீனைத் தின்னுருச்சு.”

“பாசி எங்கியாச்சும் மீனைத் திங்குமுங்களா பாய்?”

“மண்டபம் கடக்கரைப் பக்கம் என் தங்கச்சி மிதவை கட்டி வளக்குதுங்க. வெளிநாட்டுப் பாசி. அலையில அறுந்து தீவுப் பக்கம் போயி, பவளப்பாறை மேல கம்பளியாட்டம் மூடிக்கிச்சு. வெளிச்சமில்லாம பாறை செத்துப்போச்சு. மீனு குடியிருக்கற ஊடே அந்தப் பாறைதானுங்க.”

“புடுங்கி எறிய வேண்டியதுதானுங்களே! தோட்டத்துல முள்ளோட மண்டற உண்ணிச்செடியவே புடுங்கறோம், இதென்ன நொம்பப் பெரிய பாசி?”

“அதுக்கு வேரே இல்லீங்கண்ணா. புடுங்கினா ஒடையுது. ஒடைஞ்ச துண்டெல்லாம் போன எடத்துல வளருது.”

“அப்ப ஊட்டுக்குள்ளயே சண்டைங்களா?”

“சண்டைதானுங்க. ‘உம் பாசிதான் என் வலையக் காலியாக்குச்சு’ன்னு மச்சான் கத்துவாரு. ‘அந்தப் பாசியிலதான் நம்ம அடுப்பே எரியுது’ன்னு தங்கச்சி அழுவும்.”

ஜீப் ஒரு வளைவில் மெதுவாகத் திரும்பியது. தோட்டக்காரரின் குரல் தாழ்ந்திருந்தது.

“இப்ப மச்சான் கடலுக்குப் போறாருங்களா?”

“தெனமும் போறாருங்க. வலை எடுத்துட்டுப் போறதில்லை. தங்கச்சி கூட நின்னு மிதவை கட்டறாரு.”