கோட்டைத் தாண்டாத கார்

காஜா பெராங் கிளினிக்கில் என் எண்ணைக் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தேன். முன் வரிசையில் இருந்த தலை நரைத்த அம்மாள் பக்கத்துத் தோழியிடம் சொன்னார்:

“நேத்து ரேஸ்ல நான்தான் முன்னால. முடியிற கோட்டுக்கிட்ட வந்து காரைத் திருப்பிட்டேன்.”

“என்னக்கா, நீங்க எங்க போயி ரேஸ் ஓட்டுனீங்க?”

“மகனோட வீடியோ கேம் லா. அதுல அந்தப் பழைய இங்கிலீஷ் பாட்டு ஓடுது. கோட்டைத் தாண்டுனா பாட்டு நின்னுடும். அது முடியிறவரைக்கும் எதிர்ப்பக்கமே ஓட்டுனேன்.”

“அப்ப ரேஸு?”

“கடைசி. மகன் தலையில அடிச்சிக்கிட்டான்.”

“பாட்ட ஃபோன்லயே கேக்கலாமேக்கா?”

என் எண்ணைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை.

“குருபோங் ஃபேக்டரியில இருபது வருஷம் ரேடியோல கேட்ட பாட்டு. அப்பல்லாம் என் கையில ஸ்குரூ டிரைவர்தான் இருந்துச்சு. நேத்துதான் ஸ்டேரிங் இருந்துச்சு.”