கழுத்து நோவெண்டு வந்தது

கழுத்துத்தான் தங்கச்சி, கழுத்து மட்டுந்தான். பிறகேன் செருப்பைக் கழட்டச் சொல்லுறியள்? சுடுதண்ணிப் பையைப் பிடரியில வைச்சு, ரெண்டு பயிற்சியைக் காட்டி விட்டியளெண்டால் நான் போயிடுவன். ஒண்டரைக்குப் பள்ளிக்கூடம் விட்டிடும். உங்கடை மகள் நிவேதனாவோடை சேத்துப் பதினொரு பிள்ளையள், கேற்றடியில வெய்யிலுக்கை நிப்பினம். இந்தச் சுபாஸ் அங்கிளின்ரை வான் ஒருநாளும் பிந்தினதில்லை, உங்களுக்குத் தெரியுந்தானே.

இல்லை, ஃபோன் பாக்கிறதாலை இல்லை. என்ரை ஃபோனிலை என்ன கிடக்குப் பாக்க? குனிஞ்சு வேலையோ? வான் ஓடுறவனுக்கு என்ன குனிஞ்ச வேலை. தலையணை சரியில்லையாக்கும்.

இடுப்போ? அது பழைய கதை. போன வருசம் ரயர் மாத்தேக்கை பிடிச்சது. இடுப்பிலயிருந்து வலது காலுக்கை கரண்ட் அடிச்ச மாதிரி இறங்கும். தயாளினி, என்ரை மனிசி, எண்ணெய் பூசிப் பூசிக் களைச்சுப் போனாள். ஆனா சித்திரையோடை நோ நிண்டிட்டுது. ஒரு துளி நோ இல்லை. சந்தோசத்திலை மருதடிப் பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் அடிச்சனான். ஏன் உங்கடை முகம் மாறுது? நோ போனால் நல்லதுதானே?

ஸ்கானோ? ஐயோ வேண்டாம். ஸ்கான் எடுத்தா ஒப்பரேசன் எண்டுவினம், ஒப்பரேசன் எண்டால் பிறகு படுக்கைதான். மறைப்பானேன், எனக்குப் பயமாக் கிடக்கு. இருவது வருசமா வான்தான் ஓடுறன். வேறை என்ன தெரியும் எனக்கு?

சரி சரி, கழட்டுறன். கண்ணை மூடட்டோ? நீங்கள் தொடத் தொட எந்த விரலெண்டு சொல்லோணுமோ? இடது கால்... பெருவிரல். இது சின்னவிரல். பாத்தியளே, ஒரு பிழையுமில்லை. இனி வலதைத் தொடுங்கோ.

தொடுங்கோவன்.

என்ன தங்கச்சி, யோசிச்சுக்கொண்டு நிக்கிறியள்? நேரம் போகுது.

தொட்டுப்போட்டியளோ? எத்தினை தரம்?

ஊசியாலையும் குத்தினியளோ...

பொறுங்கோ, ஒருத்தருக்கும் ஃபோன் எடுக்காதேங்கோ. நானே சொல்லுறன். மூண்டு கிழமைக்கு முதல், றெயில் கடவையடியில மணி அடிக்குது. பிறேக்கை மிதிச்சன். மிதிச்சன் எண்டுதான் நினைச்சன். வான் தன்ரை பாட்டிலை உருளுது. முன் சீற்றிலை இருந்த உங்கடை பிள்ளைதான் கேட்டவள், அங்கிள் உங்கடை செருப்பு எங்கையெண்டு. குனிஞ்சு பாத்தால் காலிலை செருப்பும் இல்லை, பிறேக்கிலை காலும் இல்லை. கைப்பிறேக்கை இழுத்து நிப்பாட்டேக்கை தண்டவாளத்துக்கு ரெண்டு முழங்கூட இல்லை. பின்னாலை பிள்ளையள் எல்லாம் விளையாட்டெண்டு நினைச்சுச் சிரிச்சதுகள். வீட்டை வந்து அவள் சொல்லேல்லையோ?

அண்டையிலயிருந்து, கால் பிறேக்கிலை கிடக்கோ எண்டு ஒவ்வொருக்காலும் குனிஞ்சு பாத்துத்தான் மிதிக்கிறன். அதுதான் இந்தக் கழுத்து நோ.

வானை ஸ்ராட் பண்ணுற திறப்பு என்ரை சேட்டுப் பொக்கற்றுக்கை கிடக்கு. எடுத்து வைச்சுக்கொள்ளுங்கோ தங்கச்சி. பிறகு நான் கேட்டாலும் தராதேங்கோ.