முத்திருளன் வீட்டு சம்ப்

கேன் தண்ணீரில் ருசியே இல்லை, சார். இப்போது ஸ்டேஷனில் நீங்கள் கொடுத்ததும் சப்பென்றுதான் இருக்கிறது.

தல்லாகுளத்தில் எங்கள் தெருவில் எல்லா வீட்டு செப்டிக் டேங்கிலிருந்தும் மழைநீர் வடிகாலுக்கு ஒரு குழாய் போகும். பெருமழை பெய்யும்போது திறந்துவிடுவோம். வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும். ஊரே செய்வதுதான். எதிர்வீட்டு முத்திருளன் என் பெயரை மட்டும் சொல்லி மாநகராட்சியில் புகார் கொடுத்தான். ஆட்கள் வந்து, தெருவே வேடிக்கை பார்க்க, என் குழாயைச் சிமெண்டால் அடைத்தார்கள். நேற்றுக் குடிவந்தவன் எனக்குச் சுத்தம் சொல்லிக்கொடுக்கிறான். வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.

ரோட்டுக்கு மேல் ரோடு போட்டுப் போட்டு அவன் வீடு பள்ளமாகிவிட்டது. குடிதண்ணீர் பிடித்துவைக்கும் சம்ப்பின் மூடி தெருமட்டத்துக்கும் கீழே கிடந்தது. அது எனக்குத் தெரியும்.

ஐப்பசியில் முதல் பெருமழை இறங்கியது. சிமெண்டை உடைத்துக் குழாயைத் திறந்தேன். அவன் வாசலுக்குக் கீழே ஓடும் வடிகாலில் மணல்மூட்டைகளை இறக்கினேன். நாற்றம் பிடிக்கட்டும் என்றுதான். தண்ணீர் எதிர்த்து ஏறி அவன் வாசலுக்குள் புகுந்து, சம்ப் மூடியை மூழ்கடித்து நின்றது. குடை பிடித்துக்கொண்டு பார்த்தேன். மழை விட்டதும் மூட்டைகளை எடுத்துவிட்டேன்.

மறுநாள் அவன் மனைவி பாண்டிமீனா வந்தாள்.

"அண்ணே, எங்க சம்ப்புத் தண்ணி கலங்கலா வருது. ஒங்க வீட்ல எப்பிடி?"

"புதுத் தண்ணில்ல, அப்பிடித்தாம்மா இருக்கும். தெளிஞ்சிரும்."

நம்பிப் போனாள். அன்றே என் வீட்டுக்குக் கேன் தண்ணீர் சொல்லிவிட்டேன். மழைக்காலத்தில் நாம்தானே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

பிறகு அவர்கள் மகள் பிருந்தாவுக்கு வாந்திபேதி கண்டது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை. தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள் பாண்டிமீனா.

"எம்புட்டு மருந்து குடுத்தும் நிக்கலண்ணே."

"ஒடம்புல தண்ணி வத்தக் கூடாதும்மா. தண்ணியக் குடுத்துக்கிட்டே இரு."

எந்த டாக்டரும் அதைத்தான் சொல்லியிருப்பார். நான் தவறாக ஒன்றும் சொல்லவில்லை. அவள் அந்த சம்ப்பிலிருந்தே மோந்து மோந்து கொடுத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவிலேயே பிள்ளை அடங்கிவிட்டது.

குழாயைத் திறந்தது நான்தான். மூட்டை போட்டதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த முத்திருளன் தெருவில் நின்று என்னைக் கொலைகாரன் என்று கத்துகிறானே, அது அநியாயம். என் வீட்டில் கேன் நிறையத் தண்ணீர் இருந்தது. வாய்விட்டுக் கேட்டிருந்தால் ஒரு சொம்பு கொடுத்திருக்க மாட்டேனா, சார்?