பானெட்டில் எரிந்த கற்பூரம்

பாண்டீஸ்வரன்: யாருடி... யாருடி இதப் பண்ணுனது? சொர்ணம்! ஏ சொர்ணம்! ஷெட்டுக்கு வா!

சொர்ணலதா: வாரேன், வாரேன். ஆடி வெள்ளியும் அதுவுமா ஏன் மாமா ஊரே கேக்குற மாதிரி கத்துறீக?

பாண்டீஸ்வரன்: காரு பானெட்டப் பாரு. கிட்ட வந்து பாரு! உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்டு பொங்கி, கருகி... என்னடி இது?

சொர்ணலதா: கற்பூரம் ஏத்துனேன்.

பாண்டீஸ்வரன்: எங்கன?

சொர்ணலதா: அங்கனதான். வண்டி ஓட ஆரம்பிச்சு இத்தன மாசமாச்சு, ஒரு பூசை கெடையாது. டயருக்கு எலுமிச்சம்பழம் வச்சேன், பொட்டு வச்சேன், கற்பூரம் ஏத்துனேன். சாமி கும்பிட்டது குத்தமா?

பாண்டீஸ்வரன்: தட்டுல ஏத்திச் சுத்திக் காட்டக் கூடாதா?

சொர்ணலதா: நம்ம டிராக்டருக்கு வருசா வருசம் மூடி மேல வெத்தலைய வச்சு, அதுக்கு மேலதான கற்பூரம் ஏத்துறோம்? நீங்களே கன்னத்துல போட்டுக்குவீக. அது மட்டும் இனிச்சுச்சா?

பாண்டீஸ்வரன்: அது டிராக்டருடி! உழுகுற இரும்பு! இது அறுபது வருசத்து ஸ்போர்ட்ஸ் காரு. கீழ கார்புரேட்டர் இருக்கு, அதுல பெட்ரோல் இருக்கு. காத்து வேற இந்த அடி அடிக்குது. தீ பறந்திருந்தா வீடே போயிருக்கும்!

சொர்ணலதா: போகலேல்ல? விடுங்க.

பாண்டீஸ்வரன்: விடவா? மூணாறுக்கு மேல எஸ்டேட்டுக் கொட்டகையில கோழி முட்ட போட்டுக் கெடந்த வண்டிடி. லாரியில ஏத்தி, போடிமெட்டு வழியா எறக்கி, ஒவ்வொரு நட்டாக் கழட்டி... நம்ம பெயிண்டர் செல்வின், அவன் தேனிப் பட்டறையில இந்தப் பச்சைக் கலரு வரணும்னு எத்தன தடவ கலந்தான் தெரியுமா?

சொர்ணலதா: என்னையப் பார்த்துத் தெரியுமான்னு கேக்குறீக! பெயிண்டு அடிக்கிறதுக்கு முன்னாடி இந்த பானெட்டத் தண்ணி ஊத்தி ஊத்தி வாட்டர் பேப்பர் போட்டுத் தேச்சது யாரு? ஒங்க செல்வினா? விரல் நுனியெல்லாம் தோலு உரிஞ்சு, சோத்துல ரசத்த ஊத்திப் பிசைய முடியாம ஸ்பூன்ல தின்னேன்.

பாண்டீஸ்வரன்: அந்தக் கைதானடி கொளுத்திருக்கு! தேச்ச கை!

சொர்ணலதா: ஆமா. இந்தக் கைதான்.

பாண்டீஸ்வரன்: செஞ்சதுக்கு ஒரு வருத்தமாவது இருக்கா ஒனக்கு? நின்னு பேசுறதப் பாரு...

சொர்ணலதா: போன் அடிக்குது.

பாண்டீஸ்வரன்: அடிக்கட்டும்.

சொர்ணலதா: நின்னுட்டு மறுபடி அடிக்குது. யாரு?

பாண்டீஸ்வரன்: ...ஸ்பேர் பார்ட்ஸ்காரன்.

சொர்ணலதா: அவனுக்கா இந்தத் திருதிரு முழி? "ஜோஸ் எர்ணாகுளம்"னு வருது.

பாண்டீஸ்வரன்: நீ போயி அடுப்பப் பாரு.

சொர்ணலதா: மாட்டேன். யாரு அது?

பாண்டீஸ்வரன்: வண்டிய வாங்க வாராரு! போதுமா? குமுளி வந்துட்டுக் கூப்பிடுறேன்னாரு.

சொர்ணலதா: விக்கிறீகளா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம?

பாண்டீஸ்வரன்: ஒங்கிட்ட வேற கேக்கணுமா? ஒங்க அக்கா வீட்டுக் காதுகுத்துக்கு லேட்டா வந்தேன்னு, கம்பத்துல மண்டபம் நிறைய ஆளு இருக்கையில என்ன சொன்ன?

சொர்ணலதா: கிரீஸ் கையோட வந்து பந்தியில உக்காந்தா? "ஒம் புருசன் தாலி கட்டுனது ஒனக்கா, காருக்கா"ன்னு சிரிச்சாக. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

பாண்டீஸ்வரன்: "ஒண்ணு அந்த வண்டி வீட்டுல இருக்கணும், இல்ல நான் இருக்கணும்"னு சொன்னியா, இல்லியா?

சொர்ணலதா: கோவத்துல சொன்னேன்!

பாண்டீஸ்வரன்: எனக்கு அது கோவமாத் தெரியல. சரி, வண்டி போகட்டும், நீ இருன்னு முடிவு பண்ணுனேன். நேத்து கடைசியா ஒரு தடவன்னு மேகமலை ரோட்டுல தனியா ஏறுனேன். வளைவுல ரெண்டாவது கியரப் போட்டா என்னா ஒரு சத்தம்... எறங்கி வாரப்ப கண்ணு கலங்கிருச்சுடி. நீ என்னடான்னா கொளுத்தி வச்சிருக்க!

சொர்ணலதா: இத வாயத் தொறந்து சொல்லிருந்தா என்ன?

பாண்டீஸ்வரன்: என்னன்னு சொல்ல? சித்திரையில வீரபாண்டித் திருவிழாவுக்குப் போயிட்டு, அப்படியே போடிமெட்டுக்குக் கூட்டிப் போனேன்ல? ஒவ்வொரு வளைவுலயும் அந்தக் கத்து கத்துன. பயந்துட்டா, இவளுக்கு இந்த வண்டி ஆகாதுன்னு அன்னைக்கே...

சொர்ணலதா: பயமா? யோவ்! அது சந்தோசம்யா!

பாண்டீஸ்வரன்: என்ன?

சொர்ணலதா: கூரையில்லாத வண்டி. கட்டுன கொண்டை அவுந்து முடி பறக்குது. திரும்பிப் பார்த்தா கீழ போடி மொத்தமும் தெரியுது. இந்த வீட்டுக்கு வந்ததுல இருந்து அன்னைக்குத்தான் வாய் விட்டுக் கத்துனேன். ஒங்க ஆளுக இருக்குற வீட்டுல கத்த முடியுமா நானு?

பாண்டீஸ்வரன்: நீ சொல்லவே இல்லியே!

சொர்ணலதா: நீங்க கேட்டீகளா? மறுபடி கூப்பிடுவீகன்னு ஞாயித்துக்கெழம தோறும் பூ வச்சுக்கிட்டு நின்னேன். நீங்க செல்வினக் கூட்டிக்கிட்டுச் சுத்துனீக. இருக்குறதே ரெண்டு சீட்டு. அதுல ஒண்ணு எனக்கு இல்லாமப் போச்சு. எரியுமா, எரியாதா? இந்தா, போன் மறுபடி அடிக்குது. எடுத்து உள்ளதச் சொல்லுங்க.

பாண்டீஸ்வரன்: ஹலோ... சாரே... ஆமா, எஞ்சினெல்லாம் சுத்தம்... இல்ல, ஒரு சின்ன... பானெட்டுல கற்பூரம் ஏத்தி... ஆமா, கற்பூரம்தான்... பெயிண்டு கொஞ்சம்... திரும்ப அடிச்சுத் தாரேன் சாரே... சாரே, கேளுங்க... ஹலோ?

சொர்ணலதா: என்ன சொன்னாக?

பாண்டீஸ்வரன்: மலையெறங்கி லோயர்கேம்ப் வரைக்கும் வந்தவரு அப்படியே திரும்பிப் போறாராம். வண்டி மேல தீய வைக்கிற ஆளு உள்ள என்னென்ன பண்ணி வச்சிருப்பானோன்னு சொல்லிப் போன வச்சுட்டாரு. இப்பச் சந்தோசமா?

சொர்ணலதா: ம்.

பாண்டீஸ்வரன்: என்னடி, ம்? ...இரு. காலையில இருந்து காத்து பிச்சு எறியுது. ஷெட்டுத் தகரமே தடதடன்னு ஆடுது. இந்தக் காத்துல கற்பூரம் ஏத்துனா நிக்காதே... பெயிண்டு பொங்குற வரைக்கும் எப்படிடி எரிஞ்சுச்சு?

சொர்ணலதா: எங்க நின்னுச்சு? ஏத்த ஏத்த அணைஞ்சுச்சு. நேத்துத் திராட்சப் பந்தலுக்குள்ள நின்னு நீங்க அந்த எர்ணாகுளத்து ஆளுகிட்ட வண்டிய விக்கப் பேசுனத அங்கிட்டு இருந்து கேட்டேன் மாமா... கடைசியா முந்தானைய விரிச்சுக் காத்துக்கு மறச்சுக்கிட்டேன்.